எதிர்ப்பக்கமும் பேசிப் பழகுக



பள்ளி மாணவர் உறுப்பினராகவும் அமைச்சராகவும் அவைத்தலைவராகவும் அமர்ந்து விவாதிக்கும் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியை, நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966 இல் தில்லிப் பள்ளிகளில் தொடங்கியது. நெல்லைப் பள்ளிகளில் அரசியலமைப்பைக் கற்பிக்கவும் இத்தகைய மாதிரி அவை ஏற்றதாகும்.

அங்கு விவாதிக்கத் தக்கதொரு வழக்கு நம்மிடமே உண்டு. சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகக் கருத வேண்டும் என இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. உயிருக்குக் காப்பளிக்கும் 21 ஆம் பிரிவும், சமய உரிமை வழங்கும் 25 ஆம் பிரிவும் இவ்வழக்கில் எதிரெதிர் நின்றன.

நம் பிள்ளைகள் அவ்வவையில் எப்பக்கம் பேசுவது? முதல் நாள், நோன்பை மறுக்கும் பக்கம் பேசட்டும். நோன்பின் பெருமையை அவர்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். முதியவர் ஒருவரைச் சுற்றத்தார் வற்புறுத்தினால் அவரைக் காப்பது யார் என்னும் வினாவை அவர்களே எழுப்பட்டும். மறுநாள் பக்கம் மாறி, அவ்வினாவிற்கு விடையும் அவர்களே கூறட்டும்.

குரத்தியரையும் அவர்தம் மாணாக்கரையும் கழுகுமலைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அக்கல்வி மரபின் வழிவந்த நாம் அநேகாந்தத்தைப் போற்றுகிறோம். அதைப் பிள்ளைகள் பழகும் இடமாக அம்மாதிரி அவை அமையட்டும்.