பண்பாடு என்பதொன்று உண்டோ?

(சொற்பொழிவு)



பண்பாடு என்னும் சொல் இன்று மேடைதோறும் ஒலிக்கின்றது. ஆயினும், "அந்தப் பண்பாட்டைக் கண்ணுக்குக் காட்டுக" என்று ஒருவர் கேட்பாராயின், காட்டுதற்கு யாதுண்டு? இராஜகோபுரத்தைக் காட்டலாம், அது கல்லும் செங்கல்லும் சுதையும் ஆகும். கார்த்திகைத் தீபத்தைக் காட்டலாம். அது நெய்யும் திரியும் கற்பூரமும் ஆகும். கிரிவலம் வருவோரைக் காட்டலாம், அவர் மக்கள். இவற்றையெல்லாம் கழித்த பின்னர்ப் பண்பாடு என்று எஞ்சி நிற்பது யாது? இவ்வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. திருக்கோயிலுக்குப் பொருள் ஈந்தோர், ஈந்த பொருள் எதனைக் காக்கின்றது என்று அறிய வேண்டுமன்றோ?

முதற்கண் சொல்லை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். 'பண்பு' மிகப் பழைய சொல். பிறருடைய இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுவதே பண்பு என்று கலித்தொகை அதற்கு இலக்கணம் வகுத்தது. 'பண்பாடு' என்பதோ, ஆங்கிலச் சொல் ஒன்றிற்கு நிகராக 20ஆம் நூற்றாண்டிலே வழக்கில் நிலைபெற்றது. அதனை ஆக்கித் தந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். அவ்வாங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் நிலத்தை உழுது பயிர் செய்தலைக் குறிக்கும். தமிழ் உழவரும், உழுது எருவிட்டுச் சீர்செய்த நிலத்தைப் பண்பட்ட நிலம் என்றே கூறுவர். ஒருமுறை உழுத நிலம் என்றென்றும் பண்பட்டே கிடப்பதில்லை. உழவர் கைவிடின் சில ஆண்டுகளில் அது முட்புதராகும். ஆகவே பண்பாடு என்பது பெட்டகத்தில் வைத்துப் பூட்டத்தக்க பொருளன்று. இடைவிடாது செய்துவரும் செயல் என்பது பெறப்படும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை; திருவண்ணாமலையிலேயே உண்டு.

கன்னட நாட்டுத் துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்ட ஹொய்சள மரபினன் மூன்றாம் வீரவல்லாளன். வடபுலப் படையெடுப்புகளால் அவனது நாடு நலிவுற்ற காலத்தில் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். மதுரைச் சுல்தான்களோடு பொருது, 1342-43ஆம் ஆண்டளவில், முதிர்ந்த வயதிலே கொல்லப்பட்டான். திருக்கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மகப்பேறற்ற அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகவாக வந்தருளினார் என்று சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் கூறும். அதனை ஒட்டி இன்றளவும் ஒரு வழக்கம் நிகழ்ந்து வருகின்றது. தைப்பூசத்தன்று தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் பெருமானுக்கு மன்னன் மாண்ட செய்தி அறிவிக்கப்படும்; பெருமான் மேளதாளமின்றித் திருக்கோயிலுக்குத் திரும்புவார். பின்னர் மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் ஆற்றங்கரையிலே, மகன் தந்தைக்குச் செய்யும் நீர்க்கடனை அவர் அம்மன்னனுக்கு ஆற்றுவார்.

சிந்திக்க வேண்டுவது இதுவே. வல்லாளனின் அரசு மறைந்தது. அவன் மரபு மறைந்தது. அவனால் பயன்பெற்றோர் ஒருவரும் இன்றில்லை. அவன் இத்தமிழ் நிலத்திற் பிறந்தவனும் அல்லன். எனினும், ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஒரு முதியவனுக்காக ஆண்டுதோறும் ஓரூர் மேளத்தை நிறுத்துகின்றது. சட்டம் அதனை வற்புறுத்தவில்லை. அதனால் ஒருவர்க்கும் வருவாய் பெருகுவதுமில்லை. குருதித் தொடர்பு இன்றியே கடமை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்கின்றது. கல்லையும் நெய்யையும் கழித்தபின் எஞ்சி நிற்பது யாது என்னும் வினாவிற்கு விடை இதுவே. அந்த எச்சத்திற்குப் பெயர் பண்பாடு.

மகாதீபத்தின் நிலையும் அத்தகையதே. 2,668 அடி உயர மலையுச்சிக்குக் கொப்பரையைச் சுமந்து சென்று, சுடரேற்றும் உரிமையும் உழைப்பும் பருவதராஜ குலத்தினர்க்கு உரியவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையால் மலைச்சரிவு நேர்ந்து, அடிவாரத்தில் எழுவர் மண்ணிற் புதையுண்டு மாண்டனர். அவ்வாண்டு பக்தர்கள் மலையேற இசைவு வழங்கப்படவில்லை. ஆயினும் டிசம்பர் 13ஆம் நாள், பணிக்குரியோர் ஏறித் தீபத்தை ஏற்றினர். மற்றையோர் கீழே நின்று வணங்கினர். தாம் ஏறும் ஆவலை அடக்கி உயிர்களின் காவலை முதன்மையாகக் கொண்டதும் வழிபாடே ஆகும்.

இனி, கட்டடமே பண்பாடு என்று கொள்வாரும் உளர். 2002இல் இத்திருக்கோயிலைத் தேசியச் சின்னமாக்கித் தொல்லியல் துறையின் பொறுப்பிற் கொள்ளும் முயற்சி எழுந்தபோது, ஊர் மக்களும் அடியார்களும் அதனை எதிர்த்தனர். பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது. பழங்கல்லைப் பாதுகாக்கும் அத்துறையின் நோக்கம் நல்லதே. எனினும், வாழ்வு ஓய்ந்த இடத்திற்குச் சின்னம் என்னும் பெயர் பொருந்தும்; நாள்தோறும் பூசையும், ஆண்டுதோறும் தேரும் தீபமும் நிகழுமிடம் வேறு வகையினது. மக்கள் அன்று காக்க முனைந்தது கற்களை மட்டுமன்று. அங்கே நிகழும் செயலை.

எனின், தொன்றுதொட்டு நிகழ்வன எல்லாம் பண்பாடு ஆகுமோ? ஆகா. இம்மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தனர். 2023 ஜனவரி 30ஆம் நாள், மாவட்ட நிருவாகமும் காவல் துறையும் துணைநிற்க, அவர்கள் உட்புகுந்து பொங்கலிட்டு வழிபட்டனர். "இது எங்கள் ஊர் வழக்கம்" என்பதே அத்தடைக்குக் கூறப்பட்ட காரணம். பழமை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு இவ்வழக்கமும் பண்பாடாகவே தோன்றும். கலித்தொகை தந்த அளவுகோலோ வேறு. பிறர் உள்ளத்தை அறிந்து ஒழுகுதலே பண்பு எனின், தாயின் வாயிலில் ஒரு சாராரைப் பல தலைமுறைகள் நிறுத்திவைத்தது பண்புக்கு நேர்மாறு. பிறநாட்டில் தோன்றிய மன்னனுக்கு மகனாகி நீர்க்கடன் ஆற்றும் பெருமானின் அடியார், அண்டை வீட்டாரை அயலாராக்குதல் எங்ஙனம் பொருந்தும்? உழுபவன் பயிரைக் காப்பதோடு களையையும் பறிப்பான். களையும் அதே மண்ணில் முளைத்ததே என்று அவன் விட்டுவைப்பதில்லை.

குடமுழுக்கு என்னும் பெருஞ்சடங்கே இவ்வுண்மையை உணர்த்துகின்றது. திருவுருவைப் பீடத்தோடு இணைக்கும் அஷ்டபந்தன மருந்து காலப்போக்கில் நெகிழும். ஆதலின் 12 ஆண்டிற்கொருமுறை அதனைப் புதுக்குதல் மரபாயிற்று. கல்லிற் செய்த உருவுக்கே புதுக்குதல் வேண்டும் என்று முன்னோர் கண்டனர் எனின், மாந்தர் நெஞ்சில் இருப்பதற்கு அது எத்துணை வேண்டும்!

இராஜகோபுரப் பணியைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் அது முற்றுப்பெறக் கண்டிலர். தஞ்சை நாயக்கர் சேவப்பர் அதனை நிறைவேற்றினார். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் மற்றொருவர். இருவர்க்கும் இடையே அறாது நின்றதொன்று உண்டு. கோபுரத்திற்கு வண்ணமும் கலசத்திற்குப் பொன்னும் ஈந்த செல்வர்கள் அவ்வறாத இழையின் இன்றைய முனையைப் பற்றி நிற்பவர்கள்.

ஈந்தோர்க்கு ஒரு கடமை எஞ்சியுள்ளது. அடுத்த மாசி மகத்தன்று தம் இல்லத்துச் சிறுவர் சிறுமியரைப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு அழைத்துச் செல்க. அண்ணாமலையார் எவருக்காக நீர்க்கடன் ஆற்றுகின்றார் என்று அவர்க்கு எடுத்துரைக்க. குழந்தை "ஏன்?" என்று கேட்கும். அவ்வினாவிற்கு விடை கூறுவார் உள்ளவரை பண்பாடு உண்டு. கூறுவார் இல்லையாயின், கோபுரம் மட்டுமே நிற்கும்.