கடைக்குக் கணக்கு உண்டு, இணையதளத்துக்கு?
(வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையா? நோன்பா? இல்லை சகோதரர்களே! கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், தொகை சிறிதென்று சடைந்துவிடக் கூடாது என்று அத்தனை விவரம்!

இன்று நம் பிள்ளைகள் செருப்பு, அத்தர், அபாயா என்று இணையதளம் திறந்து விற்கிறார்கள். மாஷா அல்லாஹ்! ஆனால் அந்தத் தளத்தின் அடியில் இருக்கும் நிபந்தனைகளைக் கடைக்காரரே படித்ததுண்டா? எங்கோ ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பக்கத்தைச் சுட்டு ஒட்டியிருப்பார்கள். வழக்கென்றால் கலிபோர்னியா நீதிமன்றம் என்றிருக்கும். ஆம்பூர் எங்கே, கலிபோர்னியா எங்கே? பணம் தர தாமதமானால் மாத வட்டி என்றும் சில பக்கங்களில் இருக்கும். வட்டிக் கடை வாசலை மிதிக்காத மனிதர், தன் கடைப் பெயரிலேயே வட்டிக்கு நிபந்தனை போட்டு வைத்திருக்கிறார்!

'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று ஒரு வரி போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்காரர் போட்டால் நீங்கள் டெல்லிக்கு வக்கீல் பிடிக்க வேண்டும். இந்தச் சட்டம் நமக்குப் புதிதா? பிக்ஹு நூல்களில் 'கியாருல் ஐப்' என்று தனிப் பாடமே உண்டே! குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஷரீஅத் என்றோ கொடுத்துவிட்டது.

2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கேட்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. சிறிய கடையென்றால் முதலாளியே அந்த அலுவலராக இருந்துகொள்ளலாம்.

இன்னொன்று. அபாயா வாங்கும் நம் சகோதரிகளின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் உங்கள் கையில் இருக்கின்றன. அது அமானிதம்! விளம்பரக்காரனுக்கு அதைக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை? 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. எந்த விவரம் வாங்குகிறோம், எதற்கு, யாருக்குத் தருகிறோம் என்று தளத்தில் தமிழிலும் எழுதிப் போடுங்கள்.

நம் சமுதாயத்தில் இளம் வழக்கறிஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலர் வாய்ப்பின்றி இருக்கிறார்கள். தளத்தின் அலங்காரத்துக்குப் பணத்தை அள்ளி இறைப்பவர்கள், இவர்களுக்கு உரிய கட்டணம் கொடுத்து எழுதி வாங்குங்கள். ஓசியில் கேட்காதீர்கள். போகும் முன் என்ன விற்கிறீர்கள், எத்தனை நாளில் அனுப்புவீர்கள், பணம் எப்படித் திரும்பும், கூரியரில் உடைந்தால் நஷ்டம் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வட்டி வரி ஏதும் வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.