பருத்த தாய்க்குப் பால் இல்லையா?

(ஒரு பெயரிடு விழாவில் பேசியது)



இந்த வீட்டுக் குழந்தைக்குப் பெயரிட நம்மை அழைத்திருக்கிறீர்கள். அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் குழந்தை பிறந்த முதல் மூன்று நாளில் அதன் வாய்க்குள் என்ன போகிறது என்பது அப்படிச் சின்ன விஷயமல்ல. ஆகவே அதைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறோம். பாட்டிமார்களும் மாமியார்மார்களும் கோபித்துக் கொள்ளாமல் கேட்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தோம். மருமகள் பிரசவித்து ஐந்தாம் நாள். சற்றுப் பருத்த சரீரம். குழந்தையின் பக்கத்தில் பால்மாவு டின் இருந்தது. ஏன் என்று கேட்டோம். "உடம்பெல்லாம் கொழுப்பு, பால் எங்கிருந்து வரும்?" என்றார் மாமியார். "கண் பட்டு விட்டது" என்றார் பாட்டி. நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிற மாமனாரோ, "அவள் தலையெழுத்து" என்றார்! அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுது கொண்டிருந்தாள். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்களே யொழிய, பால் உண்மையில் இல்லையா என்று பார்த்தவர் ஒருவருமில்லை.

தலையெழுத்து என்கிறீர்களே, கணக்கைப் பாருங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 31 பேர் அதிக எடையுள்ளவர்கள். 2019-21-இல் அது 40 ஆகி விட்டது. இந்த நாலைந்து வருஷத்தில் பிரமன் தன் எழுத்தாணியை மாற்றிக் கொண்டானா? அல்ல; நம் தீனியும் வேலையும் வாழ்க்கையும் மாறியிருக்கின்றன. அதிக எடை என்றால் பிரமாதமாய் நினைத்து விடாதீர்கள். ஐந்தடி உயரமுள்ள பெண் 58 கிலோவைத் தாண்டினால் அந்தக் கணக்கில் சேர்ந்து விடுவாள்.

இனி உண்மைக் காரணத்துக்கு வருவோம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு சட்டென்று இறங்குகிறது. அதுதான் பால் பெருகுவதற்குக் கதவு திறப்பது மாதிரி. சாதாரணமாய் இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் பெருகும். பருத்த தாய்மார்களில் பலருக்கு இது மூன்று நாளைத் தாண்டுகிறது. குழந்தை சப்பும்போதெல்லாம் புரோலாக்டின் என்னும் மற்றொரு சுரப்பு ஏற வேண்டும். பருத்த பெண்களுக்கு முதல் வாரத்தில் அது குறைவாகவே ஏறுகிறது என்று அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இவர்களுக்குச் சர்க்கரை வியாதியும் அறுவைப் பிரசவமும் மற்றவர்களைவிட அதிகம். அவையும் பாலைத் தாமதிக்கச் செய்யும். பெரிய மார்பைப் பச்சைக் குழந்தையின் சிறிய வாய் சரியாய்க் கவ்வ முடியாமல் நழுவுவதும் உண்டு. இவற்றில் கண்ணேறு எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணின் குற்றந்தான் எங்கே இருக்கிறது?

தோழர்களே! தாமதம் வேறு, இல்லாமை வேறு. தாமதத்தை இல்லாமையாக்குவது நாம்தான். எப்படியென்றால், முதலில் ஒரு பெரியவர் சேனை தொட்டு வைக்கிறார், அவர் குணம் குழந்தைக்கு வருமாம்! (அவர் குணம் வராமலிருப்பதே நல்லது என்று சொல்லும்படியான பெரியவர்கள் பலரை நாம் அறிவோம்.) பிறகு சர்க்கரைத் தண்ணீர், சில ஊரில் கழுதைப் பால், கடைசியில் டின். வயிறு நிறைந்த குழந்தை சப்பாது. சப்பாத மார்பு சுரக்காது. பத்தாம் நாள், "நாங்கள் அன்றே சொன்னோமே" என்பார்கள்.

முதல் நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவது இதையெல்லாம்விடக் கொடுமை. அது சில கரண்டிதான் வரும். அன்றைய குழந்தையின் வயிறும் அவ்வளவுதான். நோயைத் தடுக்கும் சத்துகள் அதில்தான் நிறைந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 100-க்கு 60 தான் என்கிறது அதே 2019-21 கணக்கு.

அப்படியானால் செய்ய வேண்டியதென்ன? ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் துணியில்லாமல் தாயின் மார்போடு சேர்த்துப் போட வேண்டும். முதுகில் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு அறுத்த தாயும் விழித்திருப்பாள், அவளாலும் முடியும். இரவு பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை சப்பக் கொடுக்க வேண்டும். மார்பு பெரிதாயிருந்தால் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துத் தாங்கலாம். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். குழந்தை கவ்வாவிட்டால் சுத்தமான கிண்ணத்தில் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். தாய்க்குத் தாகமெடுத்தால் தண்ணீர் கொடுங்கள். பச்சை உடம்பு என்று அவளை வறள விடாதீர்கள். புருஷர்களும் வெற்றிலை மென்று கொண்டு திண்ணையில் இராமல், துணி துவைத்து, சமைத்து, அவள் தூங்க வழி செய்யலாம். அதனால் மீசை உதிர்ந்து விடாது.

இப்படிச் சொல்வதால் குழந்தை வாடினாலும் பிடிவாதமாயிருங்கள் என்று அர்த்தமல்ல. ஐந்தாம் நாளுக்குமேல் தினம் ஆறு தடவையாவது நன்றாய்ச் சிறுநீர் போக வேண்டும். 3 கிலோவில் பிறந்த குழந்தை 300 கிராமுக்குமேல் இளைத்தாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் வேறு பால் கொஞ்ச நாள் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அப்பொழுதும் சப்பக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. பால்மாவை விளம்பரம் செய்வது 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டுக்கு வீடு நாமே இனாமாக விளம்பரம் செய்து வருகிறோம்.

அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். கிராம நர்ஸம்மாள் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். எட்டாம் நாள் மார்பு கனத்தது. டின் முழுதும் ஒழிந்தது என்று பொய் சொல்ல மாட்டோம், இரவில் ஒரு வேளை நெடுநாள் நடந்தது. மாமனார் மட்டும் தலையெழுத்தை விட்டு விட்டு, வெந்நீர் வைக்கக் கற்றுக் கொண்டார்.

சரி, உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. முதலில் அது பால் குடித்து விட்டு வரட்டும். பெயர் காத்திருக்கும்.