முடிவு தெரிந்தும் மூச்சை அடைக்கும் கதை

('விறுவிறுப்பு நாவல்கள் வாசகனை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா?' என்ற தொலைக்காட்சி அரங்கில், 'வளர்க்கின்றன' என்ற அணியில் பாலிக் புலாவைச் சேர்ந்த பேச்சாளர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேட்டார்: "ஒருவன் விமானம் ஏறுகிறான், ஒருவன் துப்பாக்கி எடுக்கிறான், மூன்று நாட்டு உளவாளிகள் துரத்துகிறார்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். இதில் என்ன இருக்கிறது?" கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைசிப் பக்கத்துக்காகத்தான் படிக்கிறோம் என்றால், ஃபிரெடரிக் ஃபோர்சைத் 1971-இல் எழுதிய 'தி டே ஆஃப் த ஜக்கால்' விலைபோயிருக்கவே கூடாது. பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லக் கூலிக்கு ஆள் அமர்த்துகிறார்கள். அதுதான் கதை. டி கோல் 1970-இல் தம் வீட்டில் இயற்கையாக இறந்தார் என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் வாசகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தான். ஏன்? கொலைகாரன் தோற்பான் என்று தெரியும். எப்படித் தோற்பான் என்று தெரியாது. இறந்துபோன ஒரு குழந்தையின் பிறப்புப் பத்திரத்தை வைத்துப் பொய்க் கடப்பிதழ் வாங்கலாம் என்ற ஓட்டையை அந்த நாவல்தான் சாதாரண வாசகனுக்குக் காட்டியது. அரசாங்கம் என்ற பெரிய இயந்திரத்தின் மூடியைத் திறந்து காட்டுகிற எழுத்து அது.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை, நமக்கென்ன?" என்பீர்கள். சரி, நம் பினாங்குக்கே வாருங்கள்.

1914 அக்டோபர் 28, விடியற்காலை. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், பிரிட்டிஷ் கப்பல்போல் தெரிவதற்காகப் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு நம் துறைமுகத்துக்குள் நுழைகிறது. ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடிக்கிறது. வெளியே போகும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் தீர்த்துவிடுகிறது. இதே எம்டன்தான் அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 22 இரவில், சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. பொல்லாத ஆளை 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று கேளுங்கள். 1942-இல் ஜப்பானியர் ஆட்சியில், பினாங்கில் 'இந்தியன் சுவராஜ் இன்ஸ்டிட்யூட்' நடந்தது. மலாயாவில் பிழைக்க வந்த இந்திய இளைஞர்களுக்கு அங்கே உளவுப் பயிற்சி. செப்டம்பர் மாதம் ஒரு குழு பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, மலபார்க் கரையில் தானூரில் இறங்கியது. இறங்கியதும் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர். தூக்குக்கு முன் தகப்பனாருக்குக் கடிதம் எழுதிவைத்தார். 1943 செப்டம்பர் 10 அன்று அவரும் அனந்தன், பர்தன், ஃபௌஜா சிங் ஆகியோரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் பினாங்கிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய நீர்மூழ்கிதான், மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியைச் சந்தித்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு வந்தது. கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகில் கப்பல் மாறினார் அவர். கற்பனையில் எழுதினால் 'நம்ப முடியவில்லை' என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்!

நடுவர் அவர்களே, இந்தக் கதையின் உண்மையான முடிச்சு நீர்மூழ்கியில் இல்லை. அந்த இளைஞர்களுக்கு 'இந்திய விடுதலை' என்று சொல்லிக் கப்பல் கொடுத்த அதே ஜப்பான், அதே நாள்களில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனது. அண்ணன் சுவராஜ் பயிற்சியில், தம்பி சயாமில் என்று ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். யாரை நம்புவது? பிரிட்டிஷ் சட்டத்துக்கு அந்த நால்வர் எதிரியின் கைக்கூலிகள், நமக்குத் தியாகிகள். தலைநகரங்களில் போடும் கணக்குக்குச் சாதாரண மனிதன் எப்படி விலை கொடுக்கிறான் என்று, நாலு வரிப் பாடப்புத்தகம் சொல்லாததை நானூறு பக்க விறுவிறுப்பு நாவலால் சொல்ல முடியும்.

தமிழில் முடியுமா? முடிந்திருக்கிறதே! ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் மெடானையும் பினாங்கையும் போரையும் கொண்டுவந்து 1972-இலேயே காட்டிவிட்டார். அதை இலக்கியம் என்று கொண்டாடுகிறோம். அதில் வேகம் இல்லையா? துப்பாக்கி இல்லையா?

எங்கள் பாலிக் புலாவில் ஜாதிக்காய், டுரியான் தோட்டங்களைத் தாண்டி மேற்கே போனால் மலாக்கா நீரிணை. அந்த நீர்மூழ்கிகள் இந்தியாவை நோக்கிப் போன கடல். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் ஒரு சிலரே மிச்சம். இளைஞர்களே, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நால்வரும் தூக்கில் முடிந்தார்கள் என்பது வாசகனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் தெரியட்டும். டி கோல் கதையும் அப்படித்தான் ஓடியது.

விறுவிறுப்பு நாவல் வாசகனைக் கெடுப்பதில்லை. எழுதாமல் விடுவதால்தான் கெடுகிறோம்.