மாற்றார் கூற்றும் மாணவர் கல்வியும்



உலகச் சிக்கல்களைப் பல நோக்கில் நின்று உரையாட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவரைப் பயிற்றுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றின் அவைக்கு இப்பொருள் அயலானதன்று. பிறர் கூற்றைக் கேட்டு, ஆய்ந்து, பின்னர்த் துணிதல் தமிழ்க் கல்வியின் பழைய நெறியே. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதியர் பலரையும் அணுகி, அவரவர் திறத்தை அவரவர் வாயிலாகவே கேட்கிறாள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிறர் கொள்கை ஒவ்வொன்றையும் முதலில் எடுத்துரைத்த பின்னரே மறுக்கிறார். நன்னூலார் எழுவகை மதங்களை வகுக்குமிடத்து உடன்படுதல், மறுத்தல் என்னும் இரண்டோடு அமையவில்லை. பிறர் கருத்தை ஏற்றுப் பின்னர்க் களைதலையும், இருவர் முரண்படுமிடத்து ஒன்றைத் துணிதலையும் தனித்தனி நெறிகளாகக் காட்டுகிறார்.

இன்றைய வகுப்பறையில் இந்நெறி அருகியே காணப்படுகிறது. மாணவர்க்குக் கிடைக்கும் சொற்பயிற்சி பெரும்பாலும் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமுமே. குரல்வளமும் அவையஞ்சாமையும் அவற்றால் வளர்கின்றன, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் பட்டிமன்றத்தில் அணி முதலில் முடிவாகிறது. சான்று பின்னர்த் தேடப்படுகிறது. எதிரணியின் கூற்றைத் திரித்து நகைப்புக்கு உரியதாக்கினால் கைதட்டல் மிகுகிறது. உலகச் சிக்கல்களோ இரண்டு அணிக்குள் அடங்குவன அல்ல.

நீல நைல் ஆற்றின் குறுக்கே எத்தியோப்பியா எழுப்பிய பேரணையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2011இல் அதன் கட்டுமானம் தொடங்கியது. 2020இல் நீர் நிரப்புதல் தொடங்கியது. 2025 செப்டம்பரில் அணை முறைப்படி திறக்கப்பட்டது. முதல் வகுப்பில் ஐயத்திற்கு இடமற்ற செய்திகள் மட்டுமே கரும்பலகையில் இடம்பெறுதல் வேண்டும். எகிப்தை அடையும் நைல் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எத்தியோப்பிய மேட்டு நிலத்திலிருந்து வருவது. 1959இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆண்டுதோறும் எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டரும் சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டரும் என வகுத்தது. எத்தியோப்பியா அதில் ஒப்பமிட்ட நாடன்று.

அவ்விரு பங்குகளையும் கூட்டினால் 7,400 கோடி வருகிறது. புதிய நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் ஏறத்தாழ அதுவே. இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் மாணவர் எகிப்தின் அச்சத்தை எவரும் விளக்காமலே உணர்வர். அவ்வுணர்வோடு வகுப்பு முடிந்துவிடலாகாது. மின்னாக்க அணை நீரை உண்டு தீர்ப்பதன்று. ஆவியாகியும் கசிந்தும் குறைவது போக, சுழலியைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றையே சேர்கிறது. ஆகவே, தேக்கத்தை எத்துணை விரைவில் நிரப்புவது, தொடர் வறட்சி நேருங்கால் எவ்வளவு நீர் திறப்பது என்பனவே வழக்கின் உயிர்நிலை வினாக்கள். செய்தி தெளிந்த அளவில் சினம் தணிந்து வினா கூர்மை பெறுகிறது.

அடுத்த வகுப்பில் மாணவர் மூன்று குழுவாகப் பிரிகின்றனர். எகிப்துக் குழு, மழையற்ற பாலை நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் ஓர் ஆற்றையே நம்பி வாழ்வதைக் கூறும். எத்தியோப்பியக் குழு, மின்விளக்கைக் காணாத இல்லங்களையும், குடிமக்கள் கடன்பத்திரம் வாங்கி அணைக்குப் பொருள் உதவியதையும் கூறும். சூடான் குழுவின் நிலை இரண்டுக்கும் இடைப்பட்டது. அணையினால் வெள்ளமும் வண்டலும் குறையும்; ஆயின் நீர் திறக்கும் செய்தி உரிய காலத்தில் வாராவிடில் கீழ்ப்புறத்து ரோசெய்ரஸ் அணைக்கு இடர் நேரும். இவற்றோடு அமையாமல், அணைக்காக இடம்பெயர்ந்த குமுஸ் மக்களுக்காகப் பேசவும் ஒரு மாணவர் எழுதல் வேண்டும். ஒரு நாடு என்பது ஒரே குரலன்று என்பதை அவ்வொருவரே உணர்த்திவிடுவார்.

இவ்வுரையாடலுக்கு விதி ஒன்றே. மறுக்க விழைபவர் முதலில் மாற்றாரின் கூற்றைத் தம் சொல்லில் மொழிதல் வேண்டும். “ஆம், யாம் கூறியது இதுவே” என அக்குழுவினர் ஒப்பிய பின்னரே மறுப்புத் தொடங்கலாம். பின்னர்க் குழுக்கள் தம்முள் இடம் மாறுதல் வேண்டும். இங்கு மொழியாசிரியரின் பணி பெரிது. “முற்றிலும் பொய்” என்று கூறிப் பழகிய மாணவர் “இஃது ஒருபுடை ஏற்கத்தக்கது” என்று கூறக் கற்பது சொல் மாற்றம் மட்டுமன்று. எண்ணத்தின் மாற்றமும் ஆகும்.

தொலைவில் ஓடும் ஆற்றைப் பற்றி நடுநிலை பேணுதல் எளிது. உண்மையான தேர்வு காவிரிக் கரையில்தான் நிகழ்கிறது. நைலில் மேட்டு நாட்டின் உரிமையைப் போற்றிய தமிழ் மாணவர், காவிரியில் கடைமடை உழவரின் பக்கம் நிற்கிறார். அங்கே கொண்ட அளவுகோலை இங்கும் கொள்வாரா? நடுவர் மன்றம் 2007இல் தமிழகத்துக்கு 419 டி.எம்.சி.யும் கருநாடகத்துக்கு 270 டி.எம்.சி.யும் வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2018இல் அவற்றை 404.25, 284.75 என மாற்றியது. பெயர்ந்த 14.75 டி.எம்.சி.யில் 10 தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கருதியது, 4.75 பெங்களூரின் குடிநீரைக் கருதியது. இக்காரணங்களைக் கருநாடக மாணவர் ஒருவர் உரைப்பதுபோல் உரைத்துவிட்டு, அதன்பின் தஞ்சை உழவரின் மறுப்பை வலிமையோடு நிறுவுபவரே கற்றவர். இரு வழக்கும் ஒன்றல்ல என்பதையும் அவர் காண்பார்: காவிரிக்குத் தீர்ப்புரைக்க ஒரு நாட்டின் நீதிமன்றம் உண்டு, நைல் நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் அத்தகைய மன்றம் இல்லை.

“பிள்ளைகளுக்கு எதிர்வழக்கைக் கற்பிப்பது முறையா?” என்று பெற்றோர் வினவுதல் இயல்பே. எதிர்வழக்கை அறியாதவர் தம் வழக்கையே இழப்பர் என்பது அதற்கு விடை. மற்றொரு தடையும் எழலாம்: எல்லா நோக்கும் ஏற்புடையன என்று மாணவர் எண்ணி மயங்காரா? அம்மயக்கத்தைத் தடுப்பதும் ஆசிரியரின் கடனே. பொய்ச் செய்தி ஒரு நோக்காகாது. கரும்பலகையில் எழுதிய செய்திகள் எல்லாக் குழுவுக்கும் பொது. உரையாடலின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் தம் துணிபை ஒரு பக்க அளவில் எழுதி, தமக்கு எதிரான வலிய சான்று எது என்பதையும் அதில் குறித்தல் வேண்டும்.

மணிமேகலை எல்லாரையும் கேட்டாள், எல்லாரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்டபின்பே துணிந்தாள் என்பதே அவள் துணிவுக்குப் பெருமை. அப்பெருமை வருந்தலைமுறைக்கும் வாய்க்கப் பள்ளிகளோடு இலக்கிய வட்டங்களும் துணைநிற்பனவாக.