தப்பி வருவதுதான் வெற்றி

(மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தற்காப்புப் பயிற்சின்னு சொன்னதும் சினிமா சண்டைதான் நம்ம கண் முன்னாடி வரும். ஒரே உதையில் நாலு பேர் பறந்து விழுவாங்க. நிஜத்தில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குரலே வராது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் நூறு பிடிகளைச் சொல்லித் தருவதில்லை. நாலைந்து எளிய அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். யோசிக்க நேரமில்லாதபோதும் உடம்பு அதை மறக்காது.

இதில் ஜெயிப்பது நோக்கமல்ல. அந்த இடத்தை விட்டு உயிரோடு விலகி வருவதுதான் நோக்கம்.

முதலில் குரல். கெஞ்சுகிற குரல் வேண்டாம். "தள்ளி நில்லு!"ன்னு தெருவே திரும்பிப் பார்க்கணும். பொம்பளப் பிள்ளை சத்தம் போடக்கூடாதுன்னு கேட்டே வளர்ந்தவங்க நாம; அதனால் இதையும் வாய்விட்டுப் பழக வேண்டும்.

அடுத்தது இடைவெளி. கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். மணிக்கட்டைப் பிடித்துவிட்டால், பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று இழுங்கள். பிடி தளர்வாக இருப்பது அங்கேதான். கத்தியைக் காட்டிச் செயினைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். செயினை மறுபடி வாங்கிக்கலாம்.

"திருப்பி அடிச்சா நம்ம மேலயே கேஸ் வராதா?" பலருக்கும் உள்ள பயம் இது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத் திருப்பித் தாக்கலாம். அவர் ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப்போய் அடிப்பது தற்காப்பு ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசணும். தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளின்படி, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். இருட்டுச் சந்தை விட, தெரிந்த வாசற்படியில்தான் ஆபத்து அதிகம். சொந்தக்காரரிடம் "தொடாதீங்க" என்று சொல்வது அந்நியரைத் தள்ளிவிடுவதைவிடக் கஷ்டம். அதைச் சொல்லவும் பயிற்சி வேண்டும்.

சில நேரம் உடம்பு உறைந்துபோய், எதுவுமே செய்ய முடியாது. அது சம்மதம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. தப்பி வந்தவளிடம் "நீ ஏன் கத்தல?"ன்னு தயவுசெய்து கேட்காதீங்க. முதலில் தண்ணி கொடுங்க, பக்கத்தில் உட்காருங்க.

பிறகு உதவியைக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் தரலாம். "எங்க எல்லை இல்லை" என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்தில் வரவு செலவு பார்த்து முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் கையைப் பிடிக்க மற்றவர் விடுவித்துப் பழகுங்கள். கூச்சம் வரும், சிரிப்பும் வரும். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே பழகுங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளையும் கூட்டிட்டு வாங்க.