இணையத்தளம் அமைத்தற்கு ஆகும் மெய்ச்செலவு

(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் வேண்டுமென இளைஞர் சிலர் விண்ணப்பித்துள்ளனர். அதற்கு எவ்வளவு பொருள் செல்லுமென்று கூறுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைத்தல் கூடும். எங்கள் பள்ளித் தளத்தின் பொறுப்பு சில ஆண்டுகளாக என்பால் உள்ளமையின், அறிந்தவற்றைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, தளத்தின் பெயர். அதனை எவரும் விலைக்கு வாங்குதல் இயலாது; ஆண்டுக் குத்தகைக்கே பெறலாம். 1995 செப்டம்பர் வரையில் இத்தகைய பெயர்கள் இனாமாகவே வழங்கப்பட்டன. பின்னர் ஈராண்டுக்கு 100 டாலர் என விதித்தனர். இன்று அவ்வளவு இல்லை. ‘டாட் காம்’ பெயர்களைப் பேணும் வெரிசைன் கம்பெனியார் பதிவாளரிடம் பெறுந்தொகை 2021ஆம் ஆண்டின் நடுவில் 7.85 டாலராக இருந்தது. நான்கு முறை ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலராயிற்று. இதன்மேற் பதிவாளரின் ஊதியமும் வரியும் சேரும். ஆதலின், நூறு ரூபாய்க்குப் பெயர் தருவோம் என்னும் விளம்பரம் முதலாண்டுக்கு மட்டுமே உரியதென்று கொள்க.

அடுத்தது, ‘ஹோஸ்டிங்’ என்னும் இடவாடகை. மாதம் இவ்வளவே எனப் பெரிய எழுத்திற் கண்ட தொகை, பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுக்கு முன்பணம் கட்டுவார்க்கே கிடைக்கும். தவணை முடிந்தபின் வாடகை இரட்டித்தலும் உண்டு. பாதுகாப்புச் சான்றிதழுக்கோ பணம் வேண்டுவதில்லை. 2015 முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு அதனை இலவசமாகவே வழங்குகின்றது. அதற்குத் தனியே பட்டியல் போடுவாரை, ஏன் என்று கேட்பது தவறாகாது.

எல்லாமே இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் அமைக்கலாமே என்றார் ஒரு தம்பி. அமெரிக்காவில் ‘ஜியோசிட்டீஸ்’ அவ்வாறு இடம் கொடுத்தது. 1999இல் அதனை யாஹூ கம்பெனியார் வாங்கினர்; 2009இல் மூடினர். இலட்சக்கணக்கான பக்கங்கள் நீங்கின. வாடகை கொடாதவன் காலி செய்யச் சொன்னால் என் செய்வான்?

இனி நான் அஞ்சுவது பணத்தைப் பற்றியன்று. ஓரூர்ப் பழைய மாணவர் கூட்டத்தார், தளம் அமைத்துக் கொடுத்த கடைக்காரர் பெயரிலேயே பதிவை விட்டுவிட்டனர். அவர் தொழிலை விட்டு வேற்றூர் சென்றார். கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று. தவணை தப்பியது. தப்பிய பெயரைச் சில வாரங்களுக்குள் மிகைத்தொகை கட்டி மீட்கலாம். அவ்வறிவிப்பும் கடைக்காரர்க்கே சென்றது. இன்று அப்பெயரைத் தட்டினால் எவனோ ஒருவனுடைய சூதாட்ட விளம்பரம் வருகின்றது. தாங்கள் அச்சிட்ட மலர்களில் எல்லாம் அம்முகவரி இருத்தலின், அவர்கள் படும் நாணம் சிறிதன்று.

‘வேர்ட்பிரஸ்’ முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பன. ஆனால் அவற்றை அவ்வப்போது புதுப்பியாவிடின் கள்வர் புகுவர். புதுப்பித்தற்கு ஓர் ஆள் வேண்டும். செய்தி எழுதவும் படங்கட்குப் பெயர் குறிக்கவும் மற்றோர் ஆள் வேண்டும். இவர்தம் உழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. தளம் நிற்பதோ அதனால்தான்.

ஆகவே, பதிவு சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் பொருளாளர், காரியதரிசி இருவரிடத்தும் இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுப் பெயர்க் கட்டணத்தை இப்போதே செலுத்திவிடல் வேண்டும் எனப் பிரேரேபிக்கின்றேன். மாதந்தோறும் எழுதித் தருவார் இருவர் இக்கூட்டத்திலேயே தம் பெயரைக் கொடுப்பின், அடுத்த நிர்வாகக் கூட்டத்திற் பண விஷயத்தைப் பேசலாம்.